ஒரே குடும்பம், ஒரே எலும்பு நோய்: மூன்று பேருக்கு மூன்று விதமாக இருப்பது ஏன்?

வினா
எழுதியவர்: கொழிஞ்சாம்பாறைத் தகப்பன்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தலைமுறைகளாக வசித்துவரும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. இந்தக் குழுவில் ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கத்து உறுப்பினர்களும் இருப்பதால், எங்களுடையது கேரளத்துச் சித்தூர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கு இப்போது ஐந்து வயது. அவனுக்கு மூன்று வயது இருக்கும்போது, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய என் அம்மா, முழங்காலுக்குக் கீழே கல் போன்ற ஒரு புடைப்பு கையில் தட்டுப்படுவதாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் மலையாளத்தையொட்டி இதை 'முழ' என்றுதான் சொல்லுவோம். கோயம்புத்தூரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, இரண்டு முழங்கால்களைச் சுற்றியும், இடது மணிக்கட்டுக்கு மேலும், ஒரு விலா எலும்பிலும் இத்தகைய எலும்பு வளர்ச்சிகள் இருந்தன. இது 'ஹெரிடிட்டரி மல்டிபிள் எக்ஸாஸ்டோசிஸ்' எனப்படும் பரம்பரை நோய் என்று கூறிய மருத்துவர், என்னையும் பரிசோதித்துவிட்டு, அது என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது என்றார்.

எனக்குத் தொடையில் ஒன்றும் கணுக்காலுக்கு மேல் இரண்டுமாக மூன்று புடைப்புகள் உண்டு. சிறுவயதில் பந்து விளையாடி அடிபட்டதால் வந்தவை என்று நானாகவே எண்ணிக்கொண்டு, அவற்றால் ஒரு நாளும் வலி இல்லாமல் முப்பத்தாறு வயது வரை வந்துவிட்டேன். என் அக்காவின் நிலையோ வேறு. அவருக்கு வலது முன்கை வில் போல வளைந்திருக்கிறது. பத்து வயதுக்குள் இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. இன்றும் அவரால் அந்தக் கையால் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைக்க முடியாது. எங்கள் தந்தைக்கு என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது அவர் இல்லை.

ஒரே இரத்தத்தில் வந்த ஒரே நோய் எனக்கு ஒன்றும் செய்யாமல், அக்காவின் கையை வளைத்து, மகனுக்கு இத்தனை இடங்களில் முளைப்பது எப்படி? என் நிலையை வைத்து அவனுடைய வருங்காலத்தைக் கணிக்க முடியுமா? என் மனைவி எனக்குத் தாய்மாமன் மகள். சொந்தத்தில் கட்டியதால்தான் குழந்தைக்கு இப்படி ஆயிற்று என்று உறவினர் சிலர் அவர் காதுபடவே பேசுகிறார்கள். கத்தி வைத்தால் எலும்பு இன்னும் பெருகும் என்று ஒருவர் இணையத்தில் படித்ததாகச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார். இரண்டு வயது மகளும் இருக்கிறாள். அவள் உடம்பில் இதுவரை ஒன்றும் தட்டுப்படவில்லை. அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: வடகரப்பதி விவசாயி

அண்ணா, நானும் உங்கள் வட்டத்துக்காரன்தான். நம் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம் என்பதும், ஆழ்துளைக் கிணற்று நீரில் சில இடங்களில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதும் நீங்கள் அறிந்ததே. எங்கள் தெருவில் பல குழந்தைகளுக்குப் பல்லில் மஞ்சள் கறை உண்டு. ஃபுளூரைடு எலும்பையும் தடிக்கச் செய்யும் என்று பள்ளியில் நடந்த ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். மருத்துவர்கள் மரபணு என்று சொல்வது இருக்கட்டும். முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்பது என் கருத்து.

பதில் 2
எழுதியவர்: செங்கோட்டை எலும்பு மருத்துவர்

கேள்வி கேட்ட ஐயாவுக்கு வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற எலும்பு அறுவை மருத்துவன். ஆரியங்காவுக் கணவாய்க்கு இப்பாலும் அப்பாலுமிருந்து வந்தவர்களில், இந்த நோயுள்ள சில குடும்பங்களைக் குழந்தைப் பருவம் முதல் திருமணம் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்காத ஒரு குழந்தைக்கு இங்கே சிகிச்சை சொல்ல முடியாது. நோயின் போக்கை மட்டும் விளக்குகிறேன்.

முதலில் தண்ணீர். விவசாய நண்பர் சொன்னதில் ஒரு பாதி சரி. ஃபுளூரைடு மிகுந்த நீரால் எலும்பு பாதிக்கப்படுவதை, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட் என்ற ஆங்கிலேய மருத்துவரும் உடனிருந்தவர்களும் கண்டறிந்து 1937இல் எழுதினார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் அது இருப்பது நல்லதல்ல என்பது இன்றைய இந்தியத் தர அளவு. ஆனால் அந்த நோயில் பல ஆண்டுகள் அந்நீரைக் குடித்தவர்களுக்கு எலும்புகள் பொதுவாக அடர்ந்து, தசைநார்கள் எலும்பில் ஒட்டும் இடங்கள் இறுகி, முதுகும் மூட்டும் விறைத்துப்போகும். மூன்று வயதுக் குழந்தையின் முழங்காலில், வளர்ச்சித் தட்டுக்கு (எலும்பின் முனையருகே அது நீளுகின்ற இடத்துக்கு)ப் பக்கத்தில், நுனியில் குருத்தெலும்பு தொப்பி போல மூடிய தனித்தனி முளைகளை அது உண்டாக்காது. தண்ணீரைச் சோதிப்பது நல்ல காரியம், பல்லுக்காகச் செய்யுங்கள். இந்த முளைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சொந்தத்தில் மணந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் கூடுகின்ற நோய்கள், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரு மரபணுவின் பழுதான பிரதி வந்து சேர்ந்தால் மட்டுமே தோன்றும் வகையைச் சேர்ந்தவை. இந்த நோய்க்கு ஒருவரிடமிருந்து வரும் ஒரு பிரதியே போதும். ஐயா அயலூரில், முன்பின் அறியாத குடும்பத்தில் பெண் எடுத்திருந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது வர இருந்த வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். தங்கள் மனைவியாரிடம் இதைச் சொல்லுங்கள். பேசிய உறவினர்களிடமும் சொல்லுங்கள்.

இனி, மூவரிடம் மூன்று விதமாக இருப்பது ஏன் என்ற தலையாய கேள்வி. இந்நோய் பெரும்பாலும் இரண்டு மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் பழுதால் வருகிறது: எட்டாவது குரோமோசோமில் உள்ள இ.எக்ஸ்.டி.1, பதினோராவதில் உள்ள இ.எக்ஸ்.டி.2. இவை 1995, 1996ஆம் ஆண்டுகளில் அடையாளம் காணப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஹெபாரன் சல்ஃபேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியைக் கட்டும் வேலையைச் செய்கின்றன. குழந்தையின் எலும்பு நீளுகின்ற வளர்ச்சித் தட்டில், 'வளர்' என்ற இரசாயனச் செய்தி எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதைக் காப்பதில் அந்தச் சங்கிலிக்குப் பங்குண்டு. பாலக்காட்டு வயல் பார்த்தவர்களுக்கு இதை வரப்பு என்று சொன்னால் புரியும். பழுதான ஒரு பிரதியோடு பிறந்தவருக்கு எல்லா வயல்களிலும் வரப்பு பாதிக் கனத்தில்தான் போடப்பட்டிருக்கிறது. ஆயினும் பாதி வரப்பே பல இடங்களில் தண்ணீரைத் தாங்கிவிடும். எங்காவது நண்டு வளை தோண்டினால், அதாவது சில குருத்தெலும்பு உயிரணுக்களில் மீதமிருந்த நல்ல பிரதியும் கெட்டுவிட்டால், அந்த இடத்தில் மடை உடைந்து தண்ணீர் பக்கவாட்டில் பாய்கிறது. எலும்பு நீளவாக்கில் வளர்வதற்குப் பதிலாக, ஓரத்தில் முளைவிடுகிறது. சில முளைகளை ஆராய்ந்தபோது இந்த இரண்டாவது பழுது அவற்றிலுள்ள அணுக்களில் காணப்பட்டிருக்கிறது. எலிகளில் செய்த சோதனைகளும் அதையே காட்டின. பழுதான அணுக்கள் நல்ல அணுக்களையும் தம்மோடு இழுத்துக்கொண்டு வளர்வதையும் அவற்றில் கண்டார்கள்.

வரப்பின் கனம் மரபாக வருவது. நண்டு எங்கே, எப்போது, எத்தனை முறை தோண்டும் என்பது மரபில் எழுதப்பட்டதன்று. தங்களுக்கும் தமக்கையாருக்கும் வந்த மரபணு மாற்றம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். ஆனால் அவருக்கு முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் கீழ்முனையில், மிக இளம் வயதில், வளர்ச்சித் தட்டை ஒட்டியே மடை உடைந்திருக்க வேண்டும். அந்த எலும்பின் நீளம் பெரும்பாலும் அதன் கீழ்முனையிலிருந்தே கிடைக்கிறது. அது குட்டையாக நின்றுவிட, பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனால் வளைவதைத் தவிர அதற்கு வழியில்லை. தங்கள் தொடையில் இருப்பது அளவில் பெரியதாகவே இருக்கலாம். தடித்த ஒற்றை எலும்பின் பக்கவாட்டில், அடர்ந்த தசைக்குள் அது யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடக்கிறது. எத்தனை முளை என்பதைவிட எந்த இடத்தில், எந்த வயதில் என்பதே இந்த நோயில் பெரிது என்று நான் சொல்வேன்.

இத்தாலியில் போலோஞா நகரத்து ரிஸோலி நிறுவனத்தார் 529 நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. நோயின் கடுமையை அளக்க உறுப்பு கோணியிருக்கிறதா, வேலை செய்ய முடிகிறதா என்பவற்றையே அவர்கள் முதன்மையாகக் கொண்டார்கள். ஆண்களிடமும், இ.எக்ஸ்.டி.1 பழுதானவர்களிடமும் நோய் சற்றுக் கடுமையாக இருப்பது அதில் தெரிந்தது. இது கூட்டத்துக்குப் பொருந்தும் சராசரி மட்டுமே. தங்கள் வீட்டிலேயே ஆணான தங்களுக்கு லேசாகவும் பெண்ணான தமக்கையாருக்குக் கடுமையாகவும் இருக்கிறது பாருங்கள். ஆகவே தங்களை வைத்தோ தமக்கையாரை வைத்தோ மகனின் வருங்காலத்தைக் கணிக்க முடியாது. அவனை வைத்துத்தான் அவனை அறிய வேண்டும்.

கத்தி வைத்தால் பெருகும் என்ற அச்சம் வேறொரு நோயிலிருந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. எஃப்.ஓ.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மிக அரிய நோயில் தசையே எலும்பாக மாறும். அதில் அறுவையும், சில சமயம் தசையில் போடும் ஊசியும்கூடத் தீங்காக முடியும். அதன் மரபணு ஏ.சி.வி.ஆர்.1 என்பது 2006இல் தெரிந்தது. அக்குழந்தைகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் பிறக்கும்போதே கால் பெருவிரல் குட்டையாகவும் கோணலாகவும் இருக்கும். தங்கள் மகனுக்கு இருப்பது அதுவன்று. இவனுக்குத் தேவைப்பட்டால் முளையை வெட்டி எடுக்கலாம். குருத்தெலும்புத் தொப்பியை மிச்சம் வைத்தால் அதே இடத்தில் மீண்டும் வளரக்கூடும் என்பதும், வளர்ச்சித் தட்டை ஒட்டியிருக்கும் முளையைச் சிறு வயதிலேயே எடுக்கப் போனால் தட்டுக்குச் சேதம் வரலாம் என்பதும் உண்மை. அதனால்தான் வலி, நரம்பு அழுத்தம், எலும்பு கோணுதல் போன்ற காரணம் இல்லாமல் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுவதில்லை.

பதில் 3
எழுதியவர்: நகரி விசைத்தறிப் பெண்

அண்ணா, நான் இந்த நோயோடு நாற்பத்திரண்டு ஆண்டுகளாக வாழ்கிறேன். மருத்துவர் ஐயா எழுதியதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்பில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கும் இது இருந்தது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. முழங்கால் தெரியாமல் சேலை கட்டினால் போதும் என்றிருந்தார். பாட்டிக்கு இருந்து, அம்மாவை விட்டுவிட்டு, எனக்கு வந்ததாகவே வீட்டில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் எந்தத் தலைமுறையையும் அது தாண்டவில்லை. மறைத்ததால் அப்படித் தோன்றியது. உங்கள் தந்தைக்கோ அவர் உடன்பிறந்தோருக்கோ இருந்ததா என்று பெரியவர்களிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

என் உடம்பில் பதினெட்டு இடங்களில் இருக்கின்றன. அவற்றில் பதினேழு எனக்குப் பெரிய துன்பம் தரவில்லை. முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே, நெல்லிக்காய் அளவுகூட இல்லாத ஒன்றுதான் என்னைப் படுத்தியது. பதினான்கு வயதில் செருப்பு காலிலிருந்து நழுவ ஆரம்பித்தது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. வாசற்படியில் விரல் தட்டித் தட்டி விழுவேன். நான் கவனமில்லாமல் நடப்பதாக எல்லோரும் திட்டினார்கள். கடைசியில் பார்த்த மருத்துவர், அந்தச் சின்ன முளை அவ்விடத்தில் எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்பை நெரிக்கிறது என்றார். அதை எடுத்த பிறகு ஏறக்குறைய ஓராண்டில் பாதத்தைத் தூக்கும் பலம் திரும்பியது, முழுவதும் திரும்பவில்லை. தறி மிதிக்கும் காலம் போய் விசை வந்துவிட்டதால் பிழைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முளை சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். கால் மரத்துப்போவதாகவோ, செருப்பு நழுவுவதாகவோ பையன் சொன்னால் அதைக் கேளுங்கள்; சொல்லத் தெரியாத வயதில் நடையைப் பாருங்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இடுப்பு எலும்பின் உட்பக்கத்தில் ஒரு முளை இருந்ததால் இரண்டும் அறுவைப் பிரசவம். முதல் மாதமே மகப்பேறு மருத்துவரிடம் இந்த நோயைப் பற்றிச் சொல்லிவிட்டதால் கடைசி நேரத் தடுமாற்றம் இல்லாமல் போயிற்று. பெரியவனுக்கு நோய் இல்லை. சின்னவளுக்கு இருக்கிறது, அவளுக்கு முழங்கால் உள்பக்கம் சாய்ந்து, நின்றால் இரண்டு முட்டியும் ஒன்றோடொன்று இடித்தன. பதினொரு வயதில் வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சிறிய தகடு ஒன்றை வைத்து, மற்ற பக்கம் வளர்ந்து கால் தானே நேராகும்படி செய்தார்கள். இப்போது நேராகிவிட்டது. அவள் கைகளில் ஒன்றும் இல்லை. என் கைகளில் நிறைய இருக்கின்றன. தாயும் மகளுமாகிய எங்களுக்குள்ளேயே ஒப்பிட முடியவில்லை.

கேள்வியாளர்
எழுதியவர்: கொழிஞ்சாம்பாறைத் தகப்பன்

மருத்துவர் ஐயாவுக்கும் நகரி அக்காவுக்கும் நன்றி. மூன்று சந்தேகங்கள் மிச்சமிருக்கின்றன. மகளுக்கு இப்போதே மரபணுச் சோதனை செய்ய வேண்டுமா? இது புற்றுநோயாக மாறும் என்று சொல்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? மகனுக்கு ஊனமுற்றோர் சான்றிதழ் கிடைக்குமா என்று பள்ளியில் கேட்கிறார்கள்.

பதில் 4
எழுதியவர்: செங்கோட்டை எலும்பு மருத்துவர்

நகரி அம்மையார் எழுதிய நரம்பு விஷயத்தைத் தாங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். என் நோயாளிகளுள் ஒரு பெண்ணுக்கு இதே இடத்தில் இதே தொல்லையைச் சற்றுத் தாமதமாகவே நான் கண்டுகொண்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மரபணுச் சோதனையால் நோய் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். லேசானதா கடுமையானதா என்பது தெரியாது. அதைச் செய்வதானால் முதலில் தங்கள் இரத்தத்திலோ மகன் இரத்தத்திலோ மாற்றம் எது என்று கண்டுபிடித்த பிறகே மகளுக்கு அதைத் தேட வேண்டும். பத்துப் பேரில் ஒருவருக்கோ சற்றுக் கூடுதலானோருக்கோ நோய் தெளிவாக இருந்தும் சோதனையில் மாற்றம் அகப்படுவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மரபியல் துறை இருக்கிறது. அங்கே கலந்து பேசி முடிவு செய்யலாம். அவசரம் ஒன்றுமில்லை. நோய் உள்ள குழந்தைகளில் பாதிப்பேருக்கு மூன்று வயதுக்குள்ளும், ஏறத்தாழ எல்லோருக்கும் பன்னிரண்டு வயதுக்குள்ளும் தெரிந்துவிடும். குளிப்பாட்டும்போது மூட்டுகளைச் சுற்றி, விலாவில், தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பதே மகளுக்கு இப்போது போதுமான சோதனை. தங்கள் தாயார் அதில் கைதேர்ந்தவர் என்று தெரிகிறது.

புற்றுநோய் அச்சம் குழந்தைக்கு இப்போது இல்லை; பெரியவரான தங்களுக்குத்தான் அது பொருந்தும். வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு, அதாவது பருவ வயது முடிந்த பிறகு, முளைகளும் வளர்வதை நிறுத்திவிட வேண்டும். நின்றுபோன முளை மறுபடியும் பெருத்தாலோ, வலிக்காதது வலித்தாலோ உடனே காட்ட வேண்டும். குருத்தெலும்புத் தொப்பியின் தடிமன் பெரியவர்களுக்கு 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படுவோம், அதை எம்.ஆர்.ஐ. காட்டும். வாழ்நாள் முழுவதிலும் இது புற்றாக மாறுவது நோயாளிகள் நூற்றில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை என்று பல விதமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இடுப்பு, தோள்பட்டை போன்று உடலின் நடுப்பகுதியை ஒட்டியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அவை கைக்கு எளிதில் அகப்படாதவை என்பதால் பலர் அவற்றை எண்ணுவதே இல்லை.

சான்றிதழைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இந்நோய் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. கை கால் இயக்கம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து இயக்கக் குறைபாடு என்ற வகையில் தருவார்கள். முக்கியமான சலுகைகளுக்கு 40 விழுக்காடு வேண்டும். தங்கள் குடும்பத்தில் தமக்கையாருக்குக் கிடைக்கக்கூடும், தங்களுக்குக் கிடைக்காது. மகனுக்கு இன்று கிடைக்குமா என்பது அவன் கை எப்படித் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது.

அதை வீட்டிலேயே பார்க்கலாம். முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, கோயிலில் தீர்த்தம் வாங்குவது போல இரண்டு உள்ளங்கைகளையும் மேலே திருப்பச் சொல்லுங்கள்; பிறகு கவிழ்க்கச் சொல்லுங்கள். ஒரு கை மற்றதைவிடக் குறைவாகத் திரும்பினாலோ, தோளைச் சாய்த்துச் சமாளித்தாலோ முன்கையை மருத்துவர் விரைவில் பார்க்க வேண்டும். முழங்கை மூட்டு இடம்பெயர்வதற்கு முன் தலையிட்டால் செய்வதற்கு வழிகள் உண்டு. பின்பு அது கடினம். வளர்ச்சி முடியும் வரை ஆண்டுக்கு ஒரு முறையோ, வேகமாக வளரும் பருவத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஒரே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை.

கேள்வியாளர்
எழுதியவர்: கொழிஞ்சாம்பாறைத் தகப்பன்

நேற்று மாலை தீர்த்தம் வாங்குவது போலக் கை நீட்டச் சொன்னேன். வலது உள்ளங்கை முழுவதும் மேலே திரும்பியது. இடது உள்ளங்கையில் நான் வைத்த கல்கண்டு நழுவி விழுந்தது. அவன் அதை விளையாட்டு என்று எண்ணிச் சிரித்தான். கோயம்புத்தூரில் வரும் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அக்காவும் உடன் வருகிறார். தம்முடைய பழைய எக்ஸ்ரே படங்களைப் பரணிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐயா தோள்பட்டையைப் பற்றி எழுதியதைப் படித்த என் மனைவி, என் முதுகில் கை வைத்துத் தேடி, இடது தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தில் எலுமிச்சை அளவில் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். இத்தனை காலமும் எனக்கு மூன்றுதான் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது எப்போதிலிருந்து இருக்கிறது, வளர்கிறதா நின்றுவிட்டதா என்பது எனக்குத் தெரியாததால், செவ்வாய்க்கிழமை சீட்டில் மகன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.